“தடிமன் இருக்கோ?” என்று மட்டும் கேட்டால் போதாது

4 வயதுப் பிள்ளை, 14 கிலோ, குடலிறக்கச் சத்திரசிகிச்சை. செவோபுளூரேன் மயக்க வாயுவில் நித்திரை, கையில் கனூலா, 2ஆம் இலக்க எல்.எம்.ஏ. (குரல்வளைக்கு மேல் வைக்கும் மூச்சுக்குழாய்). எல்லாம் சுகமாக முடிந்தது. குடலிறக்கப் பையைப் பிடித்து இழுத்ததும் கப்னோகிராப் (வெளிமூச்சின் காபனீரொட்சைட்டைக் காட்டும் கருவி) கோடு படுத்துவிட்டது. நெஞ்சு உள்ளுக்கு இழுக்கிறது, சத்தமே இல்லை. சீழ்க்கைச் சத்தம் கேட்டால் குரல்வளை அரைகுறையாய் இறுகியிருக்கிறது; ஒன்றும் கேட்காவிட்டால் முழுதாய்ப் பூட்டிவிட்டது.

அப்போது முதல் மருந்து, சேர்ஜனிடம் “கையை எடுங்கோ” என்று சொல்வதுதான். பிறகு 100% ஒட்சிசன், தாடையை முன்னுக்குத் தள்ளி விடாத மெல்லிய அழுத்தம். பதற்றத்தில் பலமாய் அமத்தினால் காற்று வயிற்றுக்குள் போய் நிலைமை இன்னும் மோசமாகும். இரத்த ஒட்சிசன் 81%க்கு இறங்கிய பிறகு மயக்க மருந்து புரோபொபோல் 14 மி.கி., அதாவது கிலோவுக்கு 1. கோடு எழும்பியது. தசையைத் தளர்த்தும் சக்ஸாமெத்தோனியம் (கிலோவுக்கு 1–2 மி.கி.), இதயத் துடிப்பு குறைந்தால் கொடுக்கும் அற்றோபின் (கிலோவுக்கு 20 மைக்ரோகிராம்) இரண்டும் முன்னமே சிரிஞ்சில் இருந்தன. கிலோவுக்குக் கணக்குப் பார்த்தால் சின்னப்பிள்ளை ஒட்சிசனைப் பெரியவர்களைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு வேகத்தில் செலவழிக்கும். அந்த நேரத்தில் அம்பூல் உடைக்கப் போகாதேங்கோ.

மயக்கம் ஆழம் போதவில்லை, அது எங்கள் பிழை. மற்றக் காரணத்தைப் பிறகு அம்மம்மா சொன்னா: ஐந்து நாளாய் இரவில் இருமல். வார்டில் “தடிமன் இல்லை” என்றுதான் பதில் வந்தது. நெடுந்தீவிலிருந்து படகேறி வருகிறவர்கள், திகதி தள்ளிப்போய்விடும் என்று பயந்து மறைத்திருக்கிறார்கள். அவர்களைக் குறைசொல்ல மனம் வரவில்லை. கையில் கொடுத்த துண்டில் “சாப்பிடாமல் வரவும்” என்று மட்டும்தான் இருந்தது. இருமல், காய்ச்சல் வந்தால் கூப்பிடச் சொல்லி ஒரு வரி, ஒரு தொலைபேசி இலக்கம் இருந்திருந்தால் போதும். மயக்கத்துக்கு முன் திண்மமும் மாப்பாலும் 6 மணித்தியாலம், தாய்ப்பால் 4, தண்ணீர் 2 நிறுத்தவேணும் என்று பிரித்து எழுதாததால், முதல்நாள் பின்னேரத்திலிருந்தே பட்டினி போட்டும் கூட்டி வருகிறார்கள்.

இப்படிக் கேளுங்கோ: “இரவு இருமி எழும்பினவனோ?” “மூக்கால வாறது தண்ணியோ, மஞ்சளோ?” “வீட்டில ஆர் சுருட்டுப் பத்துறது?” கடைசிக் கேள்வியைத்தான் கனபேர் விட்டுவிடுவது, அந்தப் புகை பிள்ளையின் குரல்வளையைச் சின்னத் தொடுகைக்கும் இறுக வைக்கும். காய்ச்சல், மஞ்சள் சளி, நெஞ்சில் இரைச்சல் இருந்தால் குறைந்தது 2 கிழமை பின்போடவேணும். வெறும் தண்ணி மூக்கென்றால், அனுபவமுள்ள ஆள் பக்கத்தில் நிற்கச் செய்யலாம்.

இன்னொன்று. 2ஆம் இலக்க எல்.எம்.ஏ.யில் எழுதியிருக்கிற 10 மி.லீ. காற்று உச்ச அளவு, அவ்வளவையும் ஊதவேண்டியதில்லை. கஃப் (காற்றூதும் விளிம்பு) அழுத்தம் 60 செ.மீ. நீருக்குக் கீழே நிற்கட்டும். கழற்றுவதென்றால் ஆழ்ந்த மயக்கத்தில், அல்லது நன்றாய் விழித்த பிறகு. அரைத் தூக்கத்தில் சளி உறிஞ்சும் சக்சன் குழாயைக்கூட வாய்க்குள் விடாதேங்கோ.