போட்டோ கேட்காமல் யாராவது பணம் தருவார்களா?

எச்.ஐ.வி. உள்ளவர்களே சேர்ந்து நடத்தும் சின்ன அமைப்புகளுக்கு நிதி கேட்டு விண்ணப்பம் எழுதித் தருவேன். சம்பளத்துக்கு இல்லை, கணக்கு தெரியும், இங்கிலீஷில் ஏதோ எழுத வரும், அதனால் கூப்பிடுவார்கள். இந்த வேலையில் எனக்குத் தீராத எரிச்சல் ஒன்று உண்டென்றால் அது போட்டோ.

ஊட்டச்சத்துப் பை கொடுத்தால், நிதி தருகிற கம்பெனிக்கு வாங்குகிறவரின் முகம் தெரியப் படம் வேண்டும். பெயர், ஊர், கையெழுத்து, ஆதார் நகல் வேண்டும். பின்னால் பேனர், பேனரில் கம்பெனி லோகோ. தையல் மெஷின் வாங்குகிற அக்காவாக இருந்தால் சிரித்துக்கொண்டே நிற்பார், யாருக்கும் நஷ்டமில்லை. இங்கே அந்த ஒரு படம் யாரோ ஒருவரின் வாட்ஸ்அப் குரூப்பில் விழுந்தால் வாடகை வீடு போகும், மகளுக்குப் பேசிவைத்த சம்பந்தம் போகும். 2018 செப்டம்பர் 10 முதல் அமலில் இருக்கிற எச்.ஐ.வி. எய்ட்ஸ் தடுப்புச் சட்டம், ஒருவருக்குத் தொற்று இருப்பதை அவர் சம்மதமில்லாமல் வெளியே சொல்லக் கூடாது என்கிறது. இதை ஒரு கம்பெனியின் சிஎஸ்ஆர், அதாவது கம்பெனி சமூகப் பணிக்கு ஒதுக்கும் பணத்தைக் கவனிக்கிற அதிகாரியிடம் சொன்னேன். "சரி மேடம், அப்ப சம்மதக் கடிதம் வாங்கிடுங்க" என்றார். அரிசியையும் பருப்பையும் கையில் வைத்துக்கொண்டு கேட்டால் யார்தான் கையெழுத்துப் போட மாட்டார்கள்? அது என்ன சம்மதம்? அப்புறம் கைகளை மட்டும் படமெடுத்து அனுப்பினோம். இம்பாக்ட் தெரியவில்லை என்று திரும்பி வந்தது.

இத்தனைக்கும் இந்த விஷயத்தில் தமிழ்நாடு முன்னோடி. 1986-ல் டாக்டர் சுனிதி சாலமனும் அவருடைய மாணவி நிர்மலாவும் இந்தியாவில் முதன்முதலாக இந்தத் தொற்றைக் கண்டறிந்தது சென்னையில் எடுத்த ரத்த மாதிரிகளில்தான். 1994-லேயே மாநில எய்ட்ஸ் கட்டுப்பாட்டுச் சங்கம் வந்துவிட்டது. அடுத்த வருஷம் அமெரிக்க அரசின் வெளிநாட்டு உதவி அமைப்பான யுஎஸ்எய்ட் பணத்தில், அடையாறு வி.எச்.எஸ். மருத்துவமனை வழியாக 'அபாக்' என்ற எய்ட்ஸ் தடுப்புத் திட்டம் தொடங்கியது. 2003-ல் கேட்ஸ் அறக்கட்டளை 'அவஹான்' என்ற எச்.ஐ.வி. தடுப்புத் திட்டத்தோடு இறங்கியது. பாதிக்கப்பட்டவர்களின் தேசியக் கூட்டமைப்பு 1997-லும், பெண்களுக்கான தனி நெட்வொர்க் 1998-லும் உருவானது இதே சென்னையில்தான். பெரிய நிறுவனம் வெளிநாட்டுப் பணத்தை வாங்கும், அதில் ஒரு பங்கை மாவட்டத்திலிருக்கும் சின்ன அமைப்புக்குப் பிரித்துக் கொடுக்கும், ரிப்போர்ட் தலைவலியெல்லாம் பெரியவர்களுடையது. ஓடிக்கொண்டிருந்தது.

2020-ல் வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்தைத் திருத்தினார்கள். வாங்கிய பணத்தை இன்னொரு அமைப்புக்குக் கொடுக்கவே கூடாது. நிர்வாகச் செலவு 50 சதவீதம் வரை போகலாம் என்றிருந்தது 20 ஆனது. வெளிநாட்டுப் பணம் வந்து இறங்கும் கணக்கு டெல்லி ஸ்டேட் பாங்க் மெயின் கிளையில்தான் இருக்க வேண்டும் (தேனிக்காரருக்கும் தென்காசிக்காரருக்கும் டெல்லியில் கணக்கு!). பணத்தில் முறைகேடு நடக்கவே இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் அந்தத் திருத்தத்தில் முதலில் அடிபட்டது வெளிநாட்டுப் பணம் பெறச் சொந்தமாக அனுமதி வாங்க வழியில்லாத குட்டி அமைப்புகள். அதன்மேல் 2025 ஜனவரியில் அமெரிக்கா வெளிநாட்டு உதவியை நிறுத்திவைத்தது, ஜூலையில் யுஎஸ்எய்டையே மூடிவிட்டார்கள்.

"மாத்திரைதான் அரசாங்கம் இலவசமாகக் கொடுக்கிறதே?" என்று கேட்பார்கள். கொடுக்கிறது, 2004-லிருந்து, அது பெரிய விஷயம். ஆனால் அந்த மாத்திரை வயிற்றுக்குள் போக வேண்டுமே. எனக்குத் தெரிந்த களப்பணியாளர் அக்கா ஒருவர், அவரும் தொற்றுள்ளவர்தான். டப்பாவின் லேபிளைக் கிழித்துவிட்டு வைட்டமின் டப்பாவில் மாத்திரையை மாற்றிக் கொடுப்பார். மாமியாருக்குச் சந்தேகம் வராமல் எச்.ஐ.வி. மாத்திரை தருகிற ஏ.ஆர்.டி. மையத்துக்கு வந்து போக என்ன காரணம் சொல்வது என்று புதுமருமகளோடு உட்கார்ந்து யோசிப்பார். ராத்திரி பத்து மணிக்குப் போன் வரும், "தலை சுத்துது, நிறுத்திடட்டுமா அக்கா?" இதை எந்தப் படிவத்தில் எந்தக் கட்டத்தில் எழுத? எத்தனை பேருக்குப் பரிசோதனை, எத்தனை ஆணுறை, எத்தனை கூட்டம் என்று எண்ண முடிகிற வேலைக்குத்தான் கட்டம் இருக்கிறது.

மிச்சமிருப்பது சிஎஸ்ஆர் பணம். 2013 கம்பெனிச் சட்டத்தின் ஏழாவது அட்டவணையில் முதலில் எச்.ஐ.வி. என்று பெயர் சொல்லியே இருந்தது. 2014 பிப்ரவரியில் அட்டவணையை மாற்றி எழுதியபோது அந்தப் பெயர் காணாமல் போய், நோய்த்தடுப்பு என்று பொதுவாக ஆகிவிட்டது. இப்போதும் விதிப்படி தாராளமாகக் கொடுக்கலாம். ஆனால் கண் முகாம் நடத்தினால் படம் நன்றாக வரும், கொடுப்பவர்கள் அங்கேதான் போவார்கள்.

நாங்கள் இப்போது விண்ணப்பத்திலேயே எழுதிவிடுகிறோம்: பயனாளிகள் பெயருக்குப் பதில் குறியீட்டு எண், அசல் பட்டியல் அமைப்பின் பீரோவில், கடை பில் தருவோம், ஆடிட்டர் நேரில் வந்து இருப்பைச் சரிபார்க்கலாம், படம் கிடையாது. இதனால் சில வாய்ப்புகள் கைநழுவியது உண்மை.

உங்கள் கம்பெனியில் சிஎஸ்ஆர் கமிட்டியில் யாரையாவது தெரியும் என்றால், மார்ச் மாதம் மிச்சப் பணத்தை எங்கே தள்ளுவது என்று அவர்கள் தேடும்போது ஒரு வார்த்தை சொல்லுங்கள். பை வேண்டாம், பேனர் வேண்டாம். ஒரு மாவட்ட அமைப்புக்கு ஒரு வருஷ ஆபீஸ் வாடகையும், அந்த அக்காவின் சம்பளமும், போன் பில்லும் போதும்.