எழுத்து போய் எண் வந்தபோது: ஜாக்ஸிலிருந்து ஹீகாஸுக்கு மாறிய கதை

இங்கிலாந்தில் ஒரு பல்கலைக்கழகத்தின் தரவுப் பிரிவில் வேலை பார்க்கிறேன். ஒவ்வொரு படிப்பும் எந்தப் பாடத்தைச் சேர்ந்தது என்று ஒரு குறியீடு போட்டு, மாணவர் விவரங்களை ஆண்டுதோறும் உயர்கல்விப் புள்ளிவிவரங்களைத் திரட்டும் ஹீசா (HESA) அமைப்புக்கு அனுப்ப வேண்டும். 2002-03 முதல் அந்தக் குறியீடுகளுக்கு ஜாக்ஸ் (JACS) என்ற பாட வகைப்பாடு இருந்தது. 2019-20 முதல் அதன் இடத்தில் ஹீகாஸ் (HECoS) என்ற புதிய வகைப்பாடு. இந்த மாற்றத்துக்கு எங்கள் படிப்புகளைத் தயார் செய்யும் வேலை என்னிடம் வந்தது.

ஜாக்ஸ் குறியீட்டைப் பார்த்தாலே பாடம் தெரிந்துவிடும். எஃப்300 என்றால் இயற்பியல், எம் என்று தொடங்கினால் சட்டம். முதல் எழுத்துதான் துறை. வசதிதான், ஆனால் சிக்கலும் அதில்தான் இருந்தது. ஒரு பாடத்தை வேறு குழுவுக்கு நகர்த்தினால் குறியீடே மாறிவிடும். 2012-13இல் கணினி அறிவியல் கணிதத்தின் 'ஜி' குழுவிலிருந்து பிரிந்தபோது ஜி400 ஐ100 ஆயிற்று. ஹீகாஸில் அதே பாடம் 100366. அந்த ஆறு இலக்கங்களுக்கு எந்த அர்த்தமும் கிடையாது. எந்தப் பாடம் எந்தக் குழுவில் என்பதை 'கா' (CAH) என்ற தனிப் பட்டியல் சொல்கிறது. நாளைக்குக் குழு மாறினாலும் எண் அப்படியே இருக்கும்.

பழைய குறியீட்டுக்குப் புதியது எது என்று பொருத்த அட்டவணை தந்திருந்தார்கள். இரண்டே நாளில் எல்லாவற்றையும் பொருத்திவிட்டேன். வேலை முடிந்தது என்றுதான் நினைத்தேன்.

பிறகு கணினி விளையாட்டுப் படிப்பு ஒன்றின் பொறுப்பாசிரியரிடம் பட்டியலைக் காட்டினேன். அதற்குப் பொதுவான 'கணினி விளையாட்டுகள்' எண்தான் விழுந்திருந்தது. அவர் பாடத்திட்டத்தை எடுத்து ஒவ்வொரு தாளாகக் காட்டினார். மூன்றில் இரண்டு பங்கு வடிவமைப்பு, மீதி நிரலாக்கம். பல வருடங்களுக்கு முன் யாரோ போட்ட குறியீடு அது. பாடத்திட்டம் மாறியும் குறியீடு மாறவில்லை. கடைசியில் இரண்டு எண்களாகப் பிரித்து 67, 33 என்று விகிதம் போட்டோம்.

அட்டவணை பழைய தவறையும் சேர்த்தே புதிய எண்ணுக்கு மாற்றித் தருகிறது என்பது அப்போதுதான் உறைத்தது. எல்லாத் துறைகளுக்கும் மறுபடி போனேன். சில துறைகளில் அரை மணி நேரம் போதுமாக இருந்தது. கூட்டுப் பட்டங்களுக்கு வாரக்கணக்கில் இழுத்தது. எனக்கு அதில் வருத்தமே இல்லை. படிப்பு தேடும் பிள்ளைகள் பார்க்கும் 'டிஸ்கவர் யூனி' தளத்தில் நம் படிப்பு எந்தப் பாடத்தின் கீழ் வரும் என்பதே இந்த எண்ணை வைத்துத்தான்.

அப்புறம் இன்னொன்று. எங்கள் எக்செல் அறிக்கைகளில் பாதி, குறியீட்டின் முதல் எழுத்தை வெட்டித் துறைவாரியாகக் கூட்டிக்கொண்டிருந்தன. புதிய எண்கள் ஏறியதும் எல்லாத் துறையும் '1' என்ற ஒரே வரிசையில் போய் விழுந்தது. 'கா' அட்டவணையை இணைத்து அவற்றை ஒவ்வொன்றாகத் திருத்தினோம். இந்த வேலைக்கு இறங்குகிறவர்கள் முதலில் அறிக்கைகளைத் திறந்து பாருங்கள். பழைய ஜாக்ஸ் குறியீடுகள் உள்ள நெடுவரிசையை மட்டும் அழித்துவிடாதீர்கள். 2019க்கு முந்தைய ஆண்டுகளோடு ஒப்பிட எங்களுக்கு இன்றும் அது தேவைப்படுகிறது.