பாசிக் கண்ணாடி கேட்டோம், செல்போன் கவர் வந்தது: 5,340 ரூபாயைத் திரும்ப வாங்கிய அனுபவம்

அம்மா பதினாறு வயதில் பாசி எடுக்கக் கடலில் இறங்கியவர். இப்போது வயது ஐம்பத்தொன்று. தென்கடலில் தண்ணீர் தெளிவாக இருக்கும் நாட்களில் வள்ளத்தில் போய், மூச்சைப் பிடித்து முங்கி, பாறையில் ஒட்டிக் கிடக்கும் மரிக்கொழுந்துப் பாசியைப் பிய்த்துக்கொண்டு வருவார்கள். பாறை அறுக்காமல் இருக்க விரலில் துணி சுற்றிக்கொள்வார்கள். ஆனால் முங்கும்போது மாட்டுகிற கண்ணாடி ஒழுகினால் துணியும் உதவாது, தெம்பும் உதவாது. உப்புத்தண்ணீர் ஏறிச் சிவந்த கண்ணோடு அம்மா வீட்டுக்கு வந்த நாட்களை எண்ண முடியாது.

மூக்கையும் சேர்த்து மூடுகிற முங்கு கண்ணாடி ஒன்றை மண்டபம் ஊரில் யாரிடமோ பார்த்துவிட்டு வந்து கேட்டார். கீழே போகப் போகக் கண்ணாடி முகத்தை அமுக்கும். மூக்கு உள்ளே இருந்தால் கொஞ்சம் காற்றை மூக்கால் விட்டு அந்த அமுக்கத்தைக் குறைத்துக்கொள்ளலாம். சாதாரணக் கண்ணாடியில் அது முடியாது. அம்மா, சின்னம்மா, இரண்டு மதினிமார், எதிர்வீட்டு அத்தை, அத்தை மகள் என்று ஆறு பேர் சேர்ந்து காசு போட்டார்கள். ஒன்று 890 ரூபாய், ஆறுக்கு 5,340. ஏப்ரல் 15-இல் தொடங்கும் 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் எங்கள் ஊரில் பாசிக்கும் யாரும் போவதில்லை. கையில் காசு ஓடாத அந்த நாட்களில் எடுத்துக் கொடுத்த பணம் அது. மே 27 அன்று என் போனில் ஆர்டர் போட்டு, என் கணக்கிலிருந்து யுபிஐ மூலம் கட்டினேன்.

ஜூன் 3 காலையில் டெலிவரி தம்பி போன் செய்தார். எங்கள் தெருவுக்குள் வண்டி வராது என்று எப்போதும் ராமேஸ்வரம் ரோட்டு பஸ் ஸ்டாப்புக்குத்தான் வரச் சொல்வார்கள். "அக்கா, ஓடிபி வந்திருக்கும் பாருங்க, அதச் சொல்லிட்டு நடந்து வாங்க, அதுக்குள்ள நான் பதிஞ்சு வெச்சிருறேன்" என்றார். சொல்லிவிட்டேன். முதல் தவறு அதுதான். நான் பெட்டியைக் கையில் வாங்கும் முன்பே "ஒப்படைக்கப்பட்டது" என்று பதிவாகிவிட்டது.

பெட்டியைத் தூக்கியதுமே மனசுக்குச் சரியாகப் படவில்லை. ஆறு கண்ணாடி இருக்கிற கனம் அதில் இல்லை. வீட்டில் எல்லோரும் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். என் தம்பி கத்தியால் டேப்பைக் கீறிவிட்டான். அதன் பிறகுதான் எனக்கு வீடியோ எடுக்கத் தோன்றியது. உள்ளே ஆறு செல்போன் கவர்கள். ஆறு பேரில் எவரிடமும் இல்லாத மாடல் ஒன்றுக்கான கவர். எண்ணிக்கை மட்டும் சரியாக ஆறு. சின்னம்மா ஒன்றை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுக் கீழே வைத்தார். ஒரு வார்த்தை பேசவில்லை.

"நம்ம காசு மட்டும்னா விட்டுரலாம் புள்ள. இது ஊர்க்காசு" என்றார் அம்மா. நான் மண்டபத்தில் ஒரு ஜெராக்ஸ் கடையில் வேலை பார்க்கிறேன். ஊருக்கே விண்ணப்பம் நிரப்பிக் கொடுப்பவள் என்ற நம்பிக்கையில்தான் என்னிடம் காசைக் கொடுத்தார்கள்.

அன்றைக்கே ஆப்பில் போய் "தவறான பொருள் வந்துள்ளது" என்பதைத் தேர்வு செய்து படங்கள் போட்டேன். "சேதமடைந்தது", "பிடிக்கவில்லை" என்றெல்லாம் வரிசையாக இருக்கும். அவசரத்தில் எதையாவது தொட்டுவிடக் கூடாது, பிறகு மாற்ற முடியாது. சாட்டில் ஒரு கேள்வி வந்தது: "நீங்கள் பொருளைப் பெற்றுக்கொண்டதை உறுதி செய்கிறீர்களா?" ஆம் என்று தட்டப் போன விரலை நிறுத்திவிட்டு, "பார்சல் வந்தது, நாங்கள் ஆர்டர் செய்த பொருள் அதில் இல்லை" என்று முழு வாக்கியமாக எழுதினேன். அந்த ஒரு வரி பின்னால் எவ்வளவு உதவியது என்று சொல்லி முடியாது.

இரண்டு நாளில் திரும்ப எடுத்துப்போக ஆள் வந்தார். இங்கேதான் பெரிய சிக்கல். அவர் போனில் நாங்கள் ஆர்டர் செய்த கண்ணாடியின் படம் இருக்கிறது. கையில் இருக்கும் பொருளை அதோடு ஒப்பிட்டுப் பார்த்துத்தான் அவர் வாங்க வேண்டுமாம். "படத்துல கண்ணாடி இருக்கு, நீங்க கவரக் குடுக்குறீங்க, நான் எப்படிக்கா எடுக்குறது?" கண்ணாடி வராததால்தானே திருப்பித் தருகிறோம் என்றேன். அவருக்கும் புரிகிறது, ஆனால் அவர் போன் ஏற்கவில்லை. அவர் போன கொஞ்ச நேரத்தில் "பொருள் பொருந்தாததால் உங்கள் ரிட்டர்ன் ரத்து செய்யப்பட்டது" என்று செய்தி வந்தது. மறுபடி போட்டேன், மறுபடி ஆள் வந்தார், மறுபடி ரத்து. அவர்கள் கொடுத்த ஏழு நாள் கெடு இதிலேயே கரைந்துகொண்டிருந்தது. தவறான பொருளைத் திருப்புவதென்றால், ஒப்பிட்டுப் பார்க்காமல் எடுத்துப் போகும்படி அவர்கள் பக்கத்தில் குறித்துவிட வேண்டும். அந்தக் குறிப்பு இல்லாமல் எத்தனை முறை ஆள் வந்தாலும் வெறுங்கையோடுதான் போவார். சாட்டில் அதைக் கேட்டு எழுதி வாங்க வேண்டும் என்று அன்று எனக்குத் தெரியாது.

இதற்கிடையில் அத்தை மகள் நல்லெண்ணத்தில் இணையத்தில் தேடி ஒரு கஸ்டமர் கேர் நம்பர் எடுத்துப் பேசிவிட்டாள். அவன் நல்ல தமிழில் பணிவாகப் பேசி, "உடனே ரீஃபண்ட் போட்டுவிடுகிறேன், ஒரு ஆப் அனுப்புகிறேன், இறக்கிக்கொள்ளுங்கள்" என்றிருக்கிறான். போன் திரையை அவன் பார்க்கும்படி செய்கிற ஆப் அது. நல்லவேளை, போனை என்னிடம் கொண்டுவந்தாள். வாங்கித் துண்டித்தேன். இதைப் படிப்பவர்கள் வேறு எதை மறந்தாலும் இதை மறக்க வேண்டாம்: உதவி எண்ணை அந்தந்த ஆப்புக்குள்ளேயே தேடுங்கள், தேடுபொறியில் வருவதை நம்பாதீர்கள். பணம் போய்விட்டால் ஒரு நிமிடமும் தாமதிக்காமல் 1930-க்குக் கூப்பிடுங்கள். சைபர் குற்றப் புகாருக்கான எண் அது.

ஜூன் 7 ராத்திரி தூக்கம் வராமல் பெட்டியை எடுத்து வைத்து ஒட்டியிருந்த லேபிளைப் படித்தேன். அனுப்புநர், பெறுநர், பார்கோடு. அதற்குக் கீழே சின்ன எழுத்தில் எடை: 0.38 கிலோ. உடனே ஆப்பைத் திறந்து கண்ணாடியின் விவரத்தைப் பார்த்தேன். ஒன்றின் எடை 210 கிராம் என்று அவர்களே போட்டிருந்தார்கள். ஆறு என்றால் 1.26 கிலோ, அதுவும் பெட்டி இல்லாமல். ஒன்றேகால் கிலோ சரக்கு எப்படி அரைக் கிலோகூட இல்லாத பார்சலில் கிளம்பியிருக்கும்?

விடிந்ததும் பெட்டியையும் கவர்களையும் எடுத்துக்கொண்டு மதினி வேலை செய்கிற நண்டு கம்பெனிக்குப் போனேன். அங்கே சதையை எடை போடுகிற மின்னணுத் தராசு இருக்கிறது. கம்பெனி அண்ணனிடம் விஷயத்தைச் சொன்னதும், தராசைத் துடைத்து, சைபர் காட்டியதும் வைக்கச் சொன்னார். 380 கிராம். லேபிளும் தராசின் எண்ணும் ஒரே படத்தில் தெரியும்படி மூன்று கோணத்தில் எடுத்துக்கொண்டேன். எங்கள் வீட்டில் யாரும் பொருளை மாற்றி வைக்கவில்லை, விற்றவர் கையிலிருந்து புறப்படும்போதே அது கவராகத்தான் இருந்தது என்பதற்கு அவர்கள் லேபிளே சாட்சி. டேப்பைக் கீறிய பிறகு எடுத்த வீடியோ செய்ய முடியாததை இந்த எடை செய்தது.

அன்றே குறைதீர் அலுவலருக்கு மின்னஞ்சல் எழுதினேன். 2020-இல் வந்த மின்வணிக விதிகளின்படி இணையத்தில் விற்கிற தளங்கள் குறைதீர் அலுவலர் ஒருவரை வைத்து, அவர் பெயரையும் தொடர்பு விவரத்தையும் தளத்தில் காட்ட வேண்டும். ஆப்பின் அடியில், யாரும் போகாத பக்கத்தில் இருக்கும். புகார் வந்த 48 மணி நேரத்துக்குள் பெற்றுக்கொண்டதாகச் சொல்ல வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். விளம்பரத்தில் சொன்ன தன்மை இல்லாத பொருளை விற்றவர் திரும்ப எடுக்கவோ பணத்தைத் தரவோ மறுக்கக் கூடாது என்பதும் அதே விதிகளில் இருக்கிறது. கோபமாக ஒரு சொல்லும் எழுதவில்லை. தேதி, நேரம், ஆர்டர் எண், இரண்டு முறை ரத்தான விவரம், எடைக் கணக்கு, படங்கள், அவ்வளவுதான்.

மறுநாளே புகார் எண் வந்தது. ஜூன் 17-இல் பதிலும் வந்தது: "பார்சல் பிரிக்கப்படாத நிலையிலிருந்து வீடியோ இல்லாததால் கோரிக்கையை ஏற்க இயலவில்லை." எடையைப் பற்றி ஒரு வரி இல்லை. அதைப் படித்தபோது வந்த ஆத்திரத்தை இப்போதும் மறக்க முடியவில்லை. தடைக்காலம் முடிந்து ஊரே கடலுக்குப் போகத் தொடங்கியிருந்தது. அம்மா அந்தப் பழைய கண்ணாடியின் ஓரத்தில் ரப்பர் துண்டு ஒட்டிக்கொண்டு போனார்.

ஜூன் 18 காலையில் 1915-க்குப் பேசினேன். தேசிய நுகர்வோர் உதவி எண். தமிழிலேயே பேசலாம். எடுத்த பெண் நிறுத்தி நிதானமாகக் கேட்டுப் பதிந்துகொண்டார். "மேடம், நாங்க உத்தரவு போட முடியாது. உங்க புகாரை அந்த நிறுவனத்துக்கு அனுப்பிப் பதில் வாங்கித் தருவோம்" என்று தெளிவாகச் சொன்னார். அவர் அப்படி நேராகச் சொன்னது எனக்குப் பிடித்தது. புகாருக்கு ஒரு எண் வந்தது. இணையதளத்தில் அந்த எண்ணுக்குக் கீழே பில், லேபிள் படம், தராசுப் படம், சாட், ரத்துச் செய்திகள், மறுப்பு மின்னஞ்சல் எல்லாவற்றையும் ஏற்றினேன்.

தீராவிட்டால் அடுத்தது என்ன என்பதையும் விசாரித்து வைத்துக்கொண்டேன். 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, விற்றவர் டெல்லியில் இருந்தாலும் நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். எங்களுக்கு ராமநாதபுரத்திலேயே மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம் இருக்கிறது. 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குக் கட்டணம் கிடையாது. வக்கீல் இல்லாமல் நாமே வாதாடலாம். இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும், இணையம் வழியாகவும் போடலாம். குறைதீர் அலுவலருக்கு இன்னொரு மின்னஞ்சல் அனுப்பி, 1915 புகார் எண்ணைக் குறிப்பிட்டு, எடை வித்தியாசத்துக்கு விளக்கம் கேட்டு, விளக்கம் வராவிட்டால் ராமநாதபுரம் ஆணையத்துக்குப் போவேன் என்று எழுதினேன். மிரட்டலாக எழுதவில்லை. உண்மையாகவே போவதாக இருந்தேன். மனுவைக்கூட அடித்து வைத்திருந்தேன்.

ஜூன் 29 அன்று நிறுவனத்திலிருந்து அழைப்பு வந்தது. முதலில், தொகை முழுவதையும் ஆப்பின் வாலட்டில் போடுவதாகச் சொன்னார்கள். ஆறு பேர் காசு, வாலட்டில் இருந்தால் யாருக்கு எப்படிப் பிரித்துக் கொடுப்பேன்? "பணம் எந்த வழியில் வந்ததோ அந்த வழியிலேயே வேண்டும்" என்றேன். கொஞ்ச நேரம் பேச்சில்லை. பிறகு சரி என்றார்கள். அதை மின்னஞ்சலில் எழுதி அனுப்பச் சொன்னேன், எடுக்க வருபவர் ஒப்பிட்டுப் பார்க்காமல் வாங்கிக்கொள்ள வேண்டும் என்பதையும் சேர்த்து. மறுநாள், முன்பு எடுக்க வந்த அதே பையன் வந்து கவர்களை வாங்கிக்கொண்டு ரசீது கொடுத்தார். அவர் முகத்திலும் ஒரு நிம்மதி.

ஜூலை 2-இல் "ரீஃபண்ட் முடிந்தது" என்று ஆப் காட்டியது. கணக்கில் ஒன்றும் இல்லை. ஆறு நாள் பார்த்தேன். அப்புறம் சாட்டில் ஆர்ஆர்என் எண்ணைக் கேட்டேன். யுபிஐ பணத்துக்கெல்லாம் பன்னிரண்டு இலக்கத்தில் இருக்கிற எண் அது. வங்கியில் போய்ப் "பணம் வரவில்லை" என்றால் தேடத் தெரியாது, அந்த எண்ணைக் கொடுத்தால் தேடிவிடுவார்கள். எண்ணை எழுதி எடுத்துக்கொண்டு கிளைக்குப் போகக் கிளம்பிய ஜூலை 9 காலையில் 5,340 ரூபாயும் வந்து சேர்ந்தது.

ஏடிஎம்மில் எடுத்து ஆறு வீட்டுக்கும் போய்க் கொடுத்தேன். எதிர்வீட்டு அத்தை வாங்கி எண்ணிப் பார்க்காமல் திரும்ப என் கையிலேயே வைத்தார். "போடு புள்ள, மறுபடி போடு. கண்ணாடி வேணும்ல."

வேறு ஒரு விற்பனையாளரிடம் போட்டேன். பார்சல் வந்த அன்று ஆறு பேரும் பஸ் ஸ்டாப்புக்கே வந்துவிட்டார்கள். ஓடிபி சொல்லவில்லை. லேபிளைக் காட்டச் சொன்னேன்: 1.52 கிலோ. தம்பி போனைப் பிடிக்க, பெட்டியின் ஆறு பக்கத்தையும் காட்டி, எடையைக் காட்டி, அதன் பிறகுதான் ஓடிபி, அதன் பிறகுதான் கத்தி. டெலிவரி தம்பி வண்டியை ஓரங்கட்டிவிட்டு நின்று பார்த்தார்.

அம்மா ஒரு கண்ணாடியை எடுத்து, வாரை மாட்டாமல் முகத்தில் அமுக்கி, மூக்கால் காற்றை உள்ளே இழுத்தார். இரண்டு கையையும் எடுத்துவிட்டு எங்களைப் பார்த்தார். கண்ணாடி விழவில்லை.