ஆயுதப்பெட்டி மட்டும் போய்ச் சேர்ந்தது

கொல்லன் தெருவில் ஊசி விற்றவன் கதை தெரியும்தானே? ஆர்க்டிக்கில் நான் பிறீசர் திருத்தப் போனது அதற்கு அண்ணன் கதை.

கனடாவின் வடகோடியில் கிரீஸ் ஃபியோர்ட் என்றொரு ஊர். 2021 கணக்கெடுப்பில் 144 பேர். அங்கத்தைக் கடையில் பிறீசர் படுத்துவிட்டதாம். ரெசலூட் என்ற ஊரில் இறங்கிப் பிளேன் மாற வேண்டும். எங்கள் முதலாளி சுவரில் தொங்கிய உலகப் படத்தில் அடிமட்டம் வைத்து, இரண்டுக்கும் இடையில் 1500 கிலோமீற்றர் என்றார். உண்மையில் 380தான். உருண்டையைத் தட்டையாக்கிய அந்தப் படத்தில் துருவத்துக்குக் கிட்டப் போகப் போக எல்லாம் இழுபடும். 75 பாகையில் கிட்டத்தட்ட நாலு மடங்கு. ரொறன்ரோவிலிருந்து ஒட்டாவாவுக்குப் பறக்கிற தூரத்தைவிடக் கொஞ்சம்தான் கூட. துள்ளிக் குதித்து வெளிக்கிட்டேன்.

ரெசலூட்டில் மார்ச் மாதம், மைனஸ் 32. நின்றது ட்வின் ஒட்டர், சின்னப் பிளேன். கவுண்டரில் இருந்த பிள்ளை தூரத்தைப் பற்றி ஒரு சொல் பேசவில்லை. "எத்தனை கிலோ?" என்றாள். 82 என்றேன். தராசில் ஏறச் சொன்னாள். ஜாக்கெட், சப்பாத்து, மனைவி கட்டித் தந்த பருத்தித்துறை வடை எல்லாமாக 101. கிரீஸ் ஃபியோர்ட்டில் மலையடியில் அரைக் கிலோமீற்றர் நீளச் சரளைப் பாதைதான். இறங்க முடியாவிட்டால் திரும்பி வரவும் எரிபொருள் வேண்டும். ஆகவே ஒரு கிலோவுக்கும் கணக்கு. என் ஆயுதப்பெட்டி (ஸ்பானர், குறடுதான், பயப்படாதீர்கள்) ஏற்கெனவே ஏறிவிட்டது. "நீங்கள் நாளைக்கு."

நாளைக்கு புயல். மறுநாளும் புயல்.

மனைவி போன் எடுத்தாள். "380 கிலோமீற்றர்தானே அப்பா, டாக்ஸி ஒண்டு பிடிச்சுக்கொண்டு போங்கோவன்." இந்த ஊர்கள் இருக்கிற நுனாவுட் பிரதேசத்தில் ஒரு ஊரிலிருந்து இன்னொரு ஊருக்கு ரோட்டே இல்லை என்றேன். "உங்களுக்கு எப்பவும் ஒரு சாட்டு."

தங்கியிருந்த இடத்தில் ஒரு முதியவர். மூன்று நாள் தாமதம் என்று அவரிடம் புலம்பித் தள்ளினேன். 1953இல் அவருடைய தகப்பனாரை வட கியூபெக்கில் உள்ள இனுக்ஜுவாக் என்ற ஊரிலிருந்து அரசாங்கம் கப்பலில் கொண்டுவந்ததாம், ஏறத்தாழ 2000 கிலோமீற்றர். இரண்டு வருடத்தில் விரும்பினால் திரும்பலாம் என்று சொன்னார்களாம். திரும்ப விடவில்லை. மன்னிப்புக் கேட்டது 2010இல். அதன்பிறகு என் மூன்று நாளைப் பற்றி நான் வாய் திறக்கவில்லை. வடைப் பையை நீட்டினேன். ஒன்றைக் கடித்துப் பார்த்து, "இது கெட்டிப்பட்டுப் போச்சா?" என்றார். இல்லை, எங்கள் ஊரில் அப்படித்தான் என்றேன். இன்னும் நாலு எடுத்தார்.

நாலாம் நாள் வானம் வெளித்தது. ஒன்றரை மணித்தியாலத்தில் இறங்கிக் கடைக்குப் போனால், பிறீசர் உறுமிக்கொண்டு ஓடுகிறது. பெட்டி வந்த அன்றே ஊர் மின்நிலையத்தில் வேலை செய்பவர் அதைத் திறந்து பார்த்திருக்கிறார். கோளாறு வேறொன்றுமில்லை. சூட்டை வெளியே தள்ளும் பாகமான கண்டென்சர் கட்டடத்துக்கு வெளியே இருந்ததால் அளவுக்கு மிஞ்சிக் குளிர்ந்து, காஸ் அழுத்தம் விழுந்து, மெஷின் தானாக நின்றிருக்கிறது. என் ஸ்பானரால் மூடியைக் கழற்றி, காற்றுப் போகும் வழியில் பாதியை ஒரு பலகையால் மறைத்திருக்கிறார். அவ்வளவுதான்.

பலகையை இரண்டு தரம் தட்டிப் பார்த்தேன். வேறு என்ன செய்ய?

இரவு போனில் மனைவிக்கு எல்லாம் சொன்னேன். கொஞ்ச நேரம் சத்தமில்லை.

"அப்ப பெட்டியை மட்டும் அனுப்பியிருக்கலாம்தானே?"