டியூக்கின் ஆட்கள்

ஜூன் 30, ஞாயிறு

அமெரிக்க ஜாஸ் இசையமைப்பாளர் டியூக் எலிங்டனின் இசைக்குழுவை இத்தனை வருடமும் ஒரே குரலாகத்தான் கேட்டு வந்திருக்கிறேன். பதினைந்து பேர் சேர்ந்து எழுப்பும் பெரிய, அழகான சத்தம். இந்த வாரம் ஆளாளாகப் பிரித்துக் கேட்பது என்று முடிவு. ஒரு நாளைக்கு ஒருவர், அவர் பின்னாலேயே போக வேண்டும். எலிங்டனே அப்படித்தான் நினைத்திருக்கிறார். இசைத்தாளில் முதல் ஆல்டோ சாக்ஸபோன், இரண்டாம் டிரம்பெட் என்று போட வேண்டிய இடத்தில் வாசிப்பவரின் பெயரை எழுதிவிடுவாராம்.

இன்று 'மூட் இண்டிகோ', 1930-ல் பதிவானது. முன்னால் மூன்றே கருவிகள்: டிரம்பெட், டிராம்போன், கிளாரினெட். வழக்கமாக மேலே பாடுவது கிளாரினெட், அடியில் நிற்பது டிராம்போன். எலிங்டன் அதைத் தலைகீழாக்கிவிட்டார். மியூட் (சத்தத்தை அடக்கும் மூடி) போட்ட டிரம்பெட் மேலே. அதை ஒட்டி, தன் எல்லையின் உச்சிக்கே போய் மெல்ல ஊதும் டிராம்போன். கிளாரினெட்டோ நன்றாகக் கீழே இறங்கி, மரத்தின் வெதுவெதுப்போடு தனியாக நிற்கிறது. முதல் தடவை கேட்பவருக்கு எது எந்தக் கருவி என்றே பிடிபடாது. தொடக்கத்தை மட்டும் பத்து முறைக்கு மேல் கேட்டேன். ஆர்தர் வெட்ஸல், ஜோ நான்டன், பார்னி பிகார்ட். இந்த மூன்று பெயரையும் இனி மறக்க மாட்டேன்.

ஜூலை 2, செவ்வாய்

இன்று உறுமல்காரர்கள்.

சமையலறைத் தொட்டி அடைத்துக்கொண்டால் ஒரு ரப்பர் கிண்ணத்தை வைத்து அமுக்கி எடுப்போம் அல்லவா, அதன் கைப்பிடியைக் கழற்றினால் மிஞ்சுவதுதான் இவர்களின் ஆயுதம். இடது கையில் அதைப் பிடித்து, கருவியின் வாயை மூடித் திறக்கிறார்கள். கூடவே தொண்டைக்குள் உறுமிக்கொண்டே ஊதுகிறார்கள். பித்தளை பேச ஆரம்பித்துவிடுகிறது. இந்தக் குரலை எலிங்டன் குழுவுக்குக் கொண்டுவந்தவர் டிரம்பெட்காரர் பப்பர் மைலி. 1929-ல் அவர் போன இடத்துக்கு இன்னொரு டிரம்பெட்காரர் வந்தார், பெயர் கூட்டி வில்லியம்ஸ். பக்கத்தில் இருந்த நான்டனின் டிராம்போனைக் கேட்டுக் கேட்டே வித்தையைப் பிடித்துக்கொண்டார். அந்த நான்டனின் வாசிப்பில் 'யா, யா' என்று யாரோ நம்மிடம் முறையிடுவது போலவே இருக்கிறது.

கூட்டிக்காகவே எலிங்டன் எழுதிய ஒன்று 1940 மார்ச்சில் பதிவானது. மூன்று நிமிடம் சொச்சம்தான். அந்தக் காலத்து இசைத்தட்டின் ஒரு பக்கத்தில் அவ்வளவுதான் பிடிக்கும். அதற்குள் கூட்டி முதலில் அடக்கமாக, மூடிய குரலில் பேசுகிறார். பிறகு உறுமுகிறார். நடுவில் எல்லாவற்றையும் எடுத்துவிட்டுத் திறந்த டிரம்பெட்டில் பாடுகிறார் பாருங்கள், அந்த இடத்தில் பேருந்தில் இருந்தேன், இறங்க வேண்டிய நிறுத்தம் போய்விட்டது. அதே வருடக் கடைசியில் அவர் இன்னொரு குழுத் தலைவரான பென்னி குட்மனிடம் போய்விட்டார். திரும்பி வந்தது 1962-ல்.

ஜூலை 3, புதன்

ஜிம்மி பிளான்டன். டபுள் பாஸ், ஆள் உயரத் தந்தி வாத்தியம். 1939-ல் செயின்ட் லூயிஸில் எலிங்டன் இவரைக் கேட்டார், கையோடு சேர்த்துக்கொண்டார். அதுவரை பாஸ் என்றால் பெரும்பாலும் பின்னால் நின்று அடி எண்ணுகிற வேலை. 'ஜாக் த பேர்' தொடக்கத்தில் குழு ஒரு வார்த்தை சொல்ல, பிளான்டன் பதில் சொல்கிறார். மறுபடி குழு, மறுபடி அவர். விரலால் சுண்டும் அந்தத் தடித்த கம்பியில் ராகம் ஓடுகிறது. 1942-ல் காசநோயில் இறந்தபோது வயது 23. இரண்டு வருடம்தான் குழுவில் வாசித்தார். அதற்குப் பிறகு வந்த பாஸ்காரர்கள் எல்லோரும் அந்த இரண்டு வருடத்துக்குக் கடன்பட்டவர்கள்.

ஜூலை 5, வெள்ளி

ஜானி ஹாட்ஜஸ். இவரை இரண்டு நாள் கேட்டேன், ஒரு நாள் போதவில்லை.

மேடையில் முகத்தில் ஒரு அசைவு இருக்காது. காணொளிகளில் பார்த்தால் எங்கோ வேறு யோசனையில் இருப்பவர் போல நிற்பார். ஆனால் ஆல்டோ சாக்ஸபோனிலிருந்து வருவது வேறு. ஒரு சுரத்தை நேராகத் தொடாமல், கீழே எங்கோ தொடங்கி வழுக்கிக்கொண்டு மேலே வருவார். எங்கே விட்டார், எங்கே பிடித்தார் என்று சொல்ல முடியாத அளவுக்கு வழவழப்பு. கச்சேரி கேட்டு வளர்ந்த காது அதை ஜாரு என்றுதான் சொல்லும். அவர் இறந்தபோது, அந்த நாதம் சில வேளை கண்ணீரை வரவழைத்துவிடும் என்று எலிங்டன் எழுதினார். நேற்று இரவு எனக்கு வந்தது.

காரணம் 'பிளட் கவுன்ட்'. எலிங்டனின் கூட்டாளி பில்லி ஸ்ட்ரேஹார்ன் புற்றுநோயோடு மருத்துவமனையில் இருந்தபோது எழுதி முடித்தது. 1967 மே கடைசியில் அவர் போய்விட்டார். மூன்று மாதம் கழித்து ஹாட்ஜஸ் இதைப் பதிவு செய்கிறார். மெதுவாகத் தொடங்கி, நடுவில் ஒரு இடத்தில் குரல் உயர்ந்து கோபமாகவே ஆகிவிடுகிறது. அப்புறம் அடங்குகிறது. அந்த வழுக்கும் சுரங்களை இனிமைக்காக மட்டுமே வைத்திருந்தார் என்று நினைத்தது தப்பு.

ஜூலை 7, ஞாயிறு

வேண்டுமென்றே இன்றைக்கு ஒதுக்கி வைத்தது. 1956-ல் இதே நாள் இரவு, நியூபோர்ட் ஜாஸ் விழா.

பிக் பேண்டுகள் எனப்படும் பெரிய ஜாஸ் குழுக்களின் காலம் முடிந்தது என்று எல்லோரும் சொல்லிக்கொண்டிருந்த சமயம். எலிங்டன் 1937-ல் எழுதிய, இரண்டு பகுதிகள் கொண்ட ஒரு ப்ளூஸை எடுத்தார். இரண்டுக்கும் நடுவில் டெனர் சாக்ஸபோன்காரர் பால் கான்சால்வ்ஸை எழுந்து வாசிக்கவிட்டார். 12 பார், அதாவது 12 தாள அளவு, ஒரு சுற்று. கான்சால்வ்ஸ் வாசித்தது 27 சுற்று. 324 பார், மூச்சு வாங்கும் நேரம் தவிர நிற்கவே இல்லை. கூட்டத்தில் ஒரு பெண் எழுந்து ஆடத் தொடங்க, ஆயிரக்கணக்கானோர் எழுந்துவிட்டார்கள். பின்னால் ஜிம்மி உட்டின் பாஸும் சாம் உட்யார்டின் டிரம்ஸும் தாளத்தை ஒரு இம்மி நகரவிடவில்லை. எனக்கு அவர்களும் அந்த இரவின் நாயகர்கள்தான்.

ஒரு வருத்தம் இருந்தது. கான்சால்வ்ஸ் நின்றது இசைத்தட்டு நிறுவனத்தின் ஒலிவாங்கி முன்னால் இல்லை, வாய்ஸ் ஆஃப் அமெரிக்கா வானொலியின் ஒலிவாங்கி முன்னால். அதனால் பல்லாண்டுகள் நாம் கேட்டதில் அவர் தூரத்தில் ஊதுவது போலவே இருந்தது. பிற்பாடு வானொலியின் நாடா கிடைத்து, இரண்டையும் இணைத்து 1999-ல் வெளியிட்டார்கள். இன்று அதைத்தான் கேட்டேன். ஆள் பக்கத்தில் வந்துவிட்டார்.

ஜூலை 8, திங்கள்

வேலை அதிகம். ஒன்றே ஒன்று கேட்டேன். 1963-ல் இந்தக் குழு இந்தியாவுக்கும் இலங்கைக்கும் வந்து வாசித்தது. டெல்லியில் கேட்ட ஒரு மைனாவின் குரலைப் பிறகு இசையாக்கினார்கள். ஜிம்மி ஹாமில்டனின் கிளாரினெட்தான் மைனா. ஜன்னலுக்கு வெளியே நிஜ மைனாக்களும் இருந்தன.

ஜூலை 9, செவ்வாய்

ஹாரி கார்னியைக் கடைசிக்குத் தள்ளியது சரியில்லை, முதலில் வைத்திருக்க வேண்டும்.

பாரிடோன் சாக்ஸபோன். 1927-ல் சேரும்போது வயது 17. ஹாட்ஜஸ் போனார் வந்தார், கூட்டி போனார் வந்தார், இவர் போகவே இல்லை. ஊர் ஊராகப் போகையில் எலிங்டன் இவருடைய காரில்தான் போவார், ஓட்டுவது கார்னி. 1974 மே மாதம் எலிங்டன் இறந்தார். அக்டோபரில் கார்னியும்.

இந்த வாரம் கேட்ட எல்லாவற்றையும் மறுபடி ஓடவிட்டு, அவரை மட்டும் தேடினேன். எல்லாவற்றிலும் இருக்கிறார். கூட்டி பாடும்போது காலுக்குக் கீழே தரை, ஹாட்ஜஸ் வழுக்கும்போது சாய்ந்துகொள்ளச் சுவர். சாக்ஸபோன்கள் ஐந்தும் சேர்ந்து வரும் இடத்தில் அந்த அடிக்குரலை மனதால் எடுத்துவிட்டுப் பார்த்தேன். மேலே இருப்பவை வெறும் காற்றில் நிற்கின்றன.

பிறகு 'சோஃபிஸ்டிகேட்டட் லேடி'. பிற்காலக் கச்சேரிகளில் இது கார்னிக்கு உரியது. கடைசிச் சுரத்தைப் பிடித்துக்கொண்டு, மூக்கால் மூச்சை இழுத்துக் கன்னத்துக் காற்றால் ஊதியபடி விடாமல் நிற்பார். ஒத்து ஊதுகிறவர்கள் செய்வதும் இதுதான். கூட்டம் கைதட்டத் தொடங்குகிறது, தட்டி ஓய்கிறது, மறுபடி தட்டுகிறது. அந்தச் சுரம் நடுங்காமல் அப்படியே இருக்கிறது.