மல்யுத்தத்துக்குக் கல்லூரி தேடும் பெற்றோருக்கு

என் பையன் இந்த வருடம் ஓர் அமெரிக்கக் கல்லூரியின் மல்யுத்த அணியில் சேர்ந்திருக்கிறான். இங்கே வளரும் நம் பிள்ளைகளில் மல்யுத்தத்துக்குப் போகிறவர்கள் குறைவு. கேட்டுத் தெரிந்துகொள்ள எங்களுக்குப் பக்கத்தில் ஆள் இல்லை. அடுத்து வருகிறவர்களுக்கு உதவட்டும் என்று எழுதுகிறேன்.

கல்லூரி விளையாட்டின் மேல்மட்டமான டிவிஷன் 1-இன் பயிற்சியாளர்கள், பத்தாம் வகுப்பு முடிந்த ஜூன் 15 முதல்தான் மாணவனை அழைத்துப் பேசலாம். அதற்குள் கல்லூரி விளையாட்டுகளை நடத்தும் என்சிஏஏ அமைப்பின் தகுதி மையத்தில் பதிவு செய்து, மதிப்பெண் பட்டியலையும் ஆட்ட வீடியோக்களையும் தயாராக வைத்துக்கொள்ளுங்கள். பொறுமை இருந்தால் முடிந்துவிடும் வேலை இது.

உட்கார்ந்து அலச வேண்டியது கான்பரன்ஸ் விஷயத்தைத்தான். கான்பரன்ஸ் என்பது தங்களுக்குள் போட்டியிடும் கல்லூரிகளின் கூட்டமைப்பு. பல்கலைக்கழகம் ஒரு கான்பரன்ஸில் இருக்கும், அதன் மல்யுத்த அணி வேறொன்றில் இருக்கும். மிசௌரி பல்கலைக்கழகம் 2012-இல் பிக் 12 கான்பரன்ஸை விட்டு எஸ்இசி கான்பரன்ஸுக்குப் போனது. எஸ்இசியில் மல்யுத்தமே கிடையாது. அதனால் மல்யுத்த அணி மட்டும் இணை உறுப்பினராக மேக் கான்பரன்ஸில் சேர்ந்து, 2021-இல் பிக் 12-க்குத் திரும்பியது. 2024-இல் ஓக்லஹோமா எஸ்இசிக்கு மாறியபோதும் அதன் மல்யுத்தம் பிக் 12-லேயே தங்கிவிட்டது.

இதனால் பையனுக்கு என்ன என்று கேட்டால், எல்லாமே மார்ச் மாதத்தில் இருக்கிறது. தேசியப் போட்டிக்கு ஓர் எடைப்பிரிவில் 33 பேர், பத்துப் பிரிவுக்கும் சேர்த்து 330 பேர். இதில் பெரும்பாலான இடங்கள் கான்பரன்ஸ் போட்டி வழியாகத்தான் கிடைக்கும். எந்த எடையில் எந்த கான்பரன்ஸுக்கு எத்தனை இடம் என்பது, அந்த சீசனில் அதன் வீரர்கள் ஆடியதைப் பொறுத்து வருடா வருடம் மாறும். பிக் டென் கான்பரன்ஸில் இடங்கள் அதிகம், ஆனால் எதிரே நிற்பவர்களும் அசுரர்கள். சிறிய கான்பரன்ஸில் சில எடைகளில் முதலாவதாக வருபவனுக்கு மட்டுமே இடம் இருக்கும்.

பையன் 157 பவுண்டுக்காரன். ஒரு பயிற்சியாளர் வெள்ளைப் பலகையில் அந்த எடையின் கான்பரன்ஸ் அட்டவணையை முழுதாக வரைந்து, யார் யார் படிப்பை முடித்துப் போகிறார்கள் என்று ஒவ்வொரு பெயராக அடித்துக் காட்டினார். அந்த நிமிடமே அவர் மேல் மரியாதை வந்தது. இன்னொரு இடத்தில், அணி அடுத்த நான்கு வருடம் இருக்குமா என்று கேட்டதற்குப் பேச்சையே மாற்றிவிட்டார்கள்.

அந்தக் கேள்வியை அவசியம் கேளுங்கள். ஸ்டான்ஃபோர்டே 2020 ஜூலையில் மல்யுத்தம் உட்பட 11 விளையாட்டுகளை நிறுத்தப்போவதாக அறிவித்தது. அடுத்த மார்ச்சில் அந்த அணியின் ஷேன் கிரிஃபித், கல்லூரிச் சின்னம் இல்லாத கறுப்பு உடையில் இறங்கி 165 பவுண்டில் தேசியப் பட்டம் வென்றார். முன்னாள் மாணவர்களும் விடாமல் போராட, மே மாதம் முடிவு மாறியது. அதே 2020-இல் கைவிடப்பட்ட ஓல்ட் டொமினியன் பல்கலைக்கழக அணிக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. எனவே அணிக்கென்று தனி நிதி இருக்கிறதா, முன்னாள் வீரர்கள் பின்னால் நிற்கிறார்களா என்றும் விசாரியுங்கள்.

அப்புறம், வாய்வார்த்தை யாரையும் கட்டாது. வீரர்களோடு வருவாயைப் பகிரும் திட்டத்தில் சேர்ந்த கல்லூரிகளில் 2025 முதல் மல்யுத்த அணிக்கு 30 பேர் என்ற வரம்பும் வந்துவிட்டது. உதவித்தொகை ஒப்பந்தம் எழுத்தில் வந்து, பையன் கையெழுத்துப் போட்ட பிறகுதான் மற்ற பயிற்சியாளர்களுக்குப் போன் செய்து நன்றி சொன்னோம்.