இனிஷியலில் சிக்கிய முதல்வர் பதவி

2022-ல் எங்கள் கல்லூரியில் முதல்வர் இடம் காலியாகப் போகிறது என்றதும், "நீங்க போடுங்க மேடம்" என்று முதலில் சொன்னவர் அலுவலகக் கண்காணிப்பாளர்தான். கன்னியாகுமரி மாவட்டம் விளவங்கோடு தாலுகாவில் அரசு உதவி பெறும் கல்லூரி. தாவரவியலில் எனக்கு 25 வருடம் ஓடியிருந்தது. சரி, போட்டுத்தான் பார்ப்போமே என்று இறங்கினேன்.

யுஜிசியின் (பல்கலைக்கழக மானியக் குழு) 2018 விதிப்படி முனைவர் பட்டம், இணைப் பேராசிரியர் நிலை, 15 வருட அனுபவம், 10 ஆய்வுக் கட்டுரை, ஆய்வு மதிப்பெண் 110 வேண்டும். முதல் நான்கில் கவலை இல்லை. மதிப்பெண்ணில்தான் கண்ணைக் கட்டியது. அறிவியல் பாடத்தில் ஒரு கட்டுரைக்கு அடிப்படை 8 புள்ளி. எல்லாவற்றுக்கும் எட்டெட்டாகப் போட்டுக் கூட்டி, தாராளமாகத் தேறும் என்று குஷியாக இருந்தேன். இரண்டு பேருக்கு மேல் சேர்ந்து எழுதியிருந்தால், முதன்மை ஆசிரியர் அல்லாதவர்களுக்கு 30 சதவீதம்தான் என்பதைப் படிக்கவே இல்லை. முட்டம் பாறையில் வழுக்கி விழுந்து முழங்காலைச் சிராய்த்துக்கொண்டு கடற்பாசி சேகரித்த கட்டுரையின் 8 புள்ளியில் என் பங்கு 2.4! என்னிடம் முனைவர் பட்டம் முடித்த மாணவிகள்தான், தலைக்குப் பத்து வீதம், கரை சேர்த்தார்கள்.

நேர்காணல் பெரிய விஷயமில்லை. முக்கால் மணி நேரம், டீ, பிஸ்கட்.

அதற்கப்புறம்தான் கூத்து. பல்கலைக்கழக ஒப்புதலுக்கு அனுப்பும் கோப்பைத் தைக்கும்போது கண்காணிப்பாளர் கேட்டார்: "மேடம், பி.எஸ்சி.யில ஏ., பிஎச்.டி.யில ஜே. இது ரெண்டும் நீங்கதானா?" நான் பி.எஸ்சி. படித்தபோது எங்கள் மாவட்டக் கல்லூரிகளெல்லாம் மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தின் கீழ். அதில் அப்பாவின் இனிஷியல். 1990-ல் மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகம் வந்தபின், கல்யாணமும் ஆனபின், ஆய்வுக்குப் பதிந்தேன். யாரோ சொன்னார்களென்று கணவர் இனிஷியலைப் போட்டேன். தப்பு என்னுடையதுதான். இருபது வருடம் அதை யாரும் கேட்கவில்லை, நானும் நினைக்கவில்லை.

பெயரைச் சரிசெய்ய எஸ்.எஸ்.எல்.சி. புத்தகம் வேண்டியிருந்தது. அது அம்மையின் டிரங்குப் பெட்டியில் இருந்தது. அம்மை அண்டியாபீஸில் (முந்திரி ஆலையில்) கொட்டை தல்லி உடைத்து எங்களைப் படிக்க வைத்தவள். தோட்டு எண்ணெய் பட்டுக் கறுத்த விரல்கள், வேலையை விட்டு இத்தனை வருடம் ஆகியும் முழுசாக வெளுக்கவில்லை. அந்த விரலால் பாலிதீன் உறையைப் பிரித்து எடுத்துத் தந்து, "இது எதுக்கு மோளே, இன்னும் படிக்கப் போறியா?" என்றாள்.

முதலில் நோட்டரியிடம் பிரமாணப் பத்திரம், அப்புறம் தமிழ்நாடு அரசிதழில் பெயர் மாற்றம். அரசிதழ் பிரதி கைக்கு வரும்வரை கோப்பு மேசையிலேயே கிடந்தது. வந்ததும் நானே நாகர்கோவில் வடசேரியில் பஸ் ஏறித் திருநெல்வேலியில் இருக்கும் பல்கலைக்கழகத்துக்குக் கொண்டுபோனேன். ஆடி மாதம். ஆரல்வாய்மொழியில் காற்றாலைகள் சுழன்ற வேகத்தைப் பார்த்து, பஸ் ஜன்னலைச் சாத்திவிட்டுக் கோப்பை மடியில் அணைத்துக்கொண்டேன். பறந்துவிட்டால் யாரிடம் போய் அழுவது?

கல்யாணமாகிப் பெயர் மாற்ற நினைக்கும் பெண்கள், ஆய்வுக்குப் பதிவு செய்யும் முன்பே அரசிதழில் மாற்றிவிடுங்கள். இல்லையென்றால் பள்ளிச் சான்றிதழில் உள்ள பெயரிலேயே கடைசிவரை இருந்துவிடுங்கள். நம்மூரில் ஆண்களுக்கு இந்தத் தொல்லை கிடையாது.

முதல்வர் பதவிக்காலம் 5 வருடம். எனக்கு அதற்குள் 60 வயது வந்துவிடும் என்பதால் நான்கு வருடமும் சொச்சமும்தான்.

ஒப்புதல் வந்த வாரம், அறையில் முந்தைய முதல்வர்களின் பெயர்ப் பலகையில் எழுத பெயின்டர் வந்தார். பெயரை எழுதிக் கொடுத்தேன். பிரஷ்ஷை நனைத்துவிட்டு, "இனிஷியல் முன்னாடியா பின்னாடியா மேடம்?" என்றார்.